குச்சி எங்கே போகும்?

இந்த வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் பால்கனிக்குப் போகிறேன். அங்கிருந்து கீழே இசக்கியின் வீட்டு வாசலைப் பார்க்கிறேன்... யாராவது வந்திருக்கிறார்களா என்று.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சீஸ்.

சின்னச் சதுரமாக வெட்டிய ஒரு துண்டு சீஸ். அதன் மேல் ஒரு திராட்சை, அல்லது ஓர் அன்னாசித் துண்டு. இரண்டையும் சேர்த்துக் குத்திய ஒரு பல்குச்சி. அவ்வளவுதான். பெரிய பார்ட்டிகளில் சாப்பாட்டுக்கு முன்னால் தட்டில் வைத்து நீட்டுவார்களே, அது. நீங்களும் எடுத்திருப்பீர்கள். வாயில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்திருப்பீர்கள். அதை யார் உட்கார்ந்து குத்தினார்கள் என்று யோசித்ததுண்டா? நான் யோசித்ததில்லை. பத்திரிகையில் இருந்த காலத்தில் பிரஸ் மீட்டுகளில் எத்தனையோ தட்டுகளைக் காலி செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது தானாகவே முளைத்து வருவதைப் போலத்தான் இருந்தது.

மட்டாஞ்சேரியில் என் மாடி வீட்டுக்கு அடுத்த வீடு இசக்கியுடையது. அப்பா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். அவள் பிறந்ததும் படித்ததும் இங்கே. தமிழில் பேசுவாள், மலையாளத்தில் எழுதுவாள். கணவர் மார்க்கெட்டில் சுமை தூக்குகிறார். இவள் விடியும் முன் எழுந்து, சுற்றியுள்ள ஹோம்ஸ்டேக்களுக்கு இட்லியும் வடையும் சாம்பாரும் அனுப்புகிறாள். பள்ளுருத்தியில் தமிழர் வீட்டு விசேஷம் என்றால் இலைச் சாப்பாடும் இவள்தான்.

சமையல் நடப்பது வீட்டுக்குப் பின்னால், ஒரு நீலத் தார்ப்பாய்க்கு அடியில். மழை சாய்ந்து அடித்தால் அடுப்பு அணையும். அணையாவிட்டால் புகை மேலே வரும். மேலே இருப்பது நான்.

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய பேக்கரி பூட்டிக் கிடந்தது. புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, சிமென்ட் மேடை — எல்லாம் உள்ளே அப்படியே. இசக்கி அந்தக் கம்பிக் கதவு வழியாக ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் அந்த இடத்தைக் கடந்து நான் கண்டதில்லை. கட்டடக்காரர் அவளுக்குக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் காத்திருக்கத் தயாராக இல்லை. ஒரு பார்சல் கம்பெனியும் அதே இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. இட்லியை நம்பி பேக்கரியை எடுக்க முடியாது. ஒரு பெரிய கல்யாண ஆர்டர் கைக்கு வந்தால் எடுக்கலாம்.

அந்தக் கல்யாணம் ரோஸ்லின் சேச்சி வீட்டில் இருந்தது.

ரோஸ்லின் சேச்சி ஹோம்ஸ்டே நடத்துகிறார். இசக்கியின் இட்லியைத் தினமும் வாங்குபவர். மகள் அயர்லாந்தில் நர்ஸ். அவளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. நிச்சயத்தன்று காலையில் சர்ச்சில் சடங்கு, சாயங்காலம் விருந்து. விருந்துச் சாப்பாட்டை ஒரு பெரிய கேட்டரிங் கம்பெனியிடம் கொடுத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் தரும் ஸ்டார்ட்டரை மட்டும் இசக்கியிடம் கேட்டார். பாதி மலையாளம், பாதித் தமிழ் — அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

"மோள் ஒரு வீடியோ அனுப்பிச்சிருக்கு. பழம், சீஸ், குச்சி. சிம்பிள் அல்லே? இது நல்லா வந்தா, கல்யாணத்துக்கு மொத்தமும் நீதான் இசக்கீ."

என் அனுபவத்தில், 'சிம்பிள்' என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. அந்த வேலையைச் செய்யப்போவது அவர் இல்லை.

இசக்கி ஃபோனைத் தூக்கிக்கொண்டு என் மாடிக்கு வந்தாள். கூடவே அவள் கணவரின் அக்கா சரசு. இசக்கியின் பந்திகளில் பரிமாறும் பெண்களுக்குத் தலைமை சரசுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் சரசு வந்தால் சாப்பிடுகிறவர்கள் இலைக்கு முன்னால் முதுகு நிமிர்த்தி உட்கார்வார்கள். அப்படி ஒரு நடை.

"அக்கா, நீங்க இந்த மாதிரி பார்ட்டிக்கெல்லாம் போயிருப்பீங்கல்லா," என்றாள் இசக்கி. "இது எப்படின்னு சொல்லுங்க."

"நான் தின்னதோட சரி. செஞ்சதில்ல."

"தின்ன மாதிரி சொன்னா மதி, அது போதும்."

சரசு வீடியோவைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி இசக்கி, இது பல்லு குத்துற குச்சில்லா."

"ஆமா மதினி."

"சாப்புட்டு முடிச்சபெறகு கொடுக்கிறத முன்னாலயே கொடுத்துட்டா, பெறகு என்னத்தக் கொடுப்பாவ?"

நியாயமான கேள்வி.

அடுத்த சில நாட்களுக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் நிலையாக இருக்கவில்லை. இசக்கி காலையில் ஒரு தட்டு குத்தி வைப்பாள். மதியம் நாங்கள் மூவரும் அதைச் சுற்றி நின்று பார்ப்போம். முதல் நாள் ஆப்பிள் கறுத்தது. எலுமிச்சைத் தண்ணீரில் போட்டால் கறுக்காது என்று சொன்னார்கள். போட்டோம். கறுக்கவில்லை... ஆனால் சீஸ் புளித்தது. ஆப்பிளை விட்டுவிட்டோம். இரண்டாம் நாள் அன்னாசி, இங்கே கைதச்சக்க. 'கைதச்சக்க நல்ல இனிப்பு' என்று தேடி வாங்கி வந்தாள். மதியத்துக்குள் அதன் சாறு இறங்கி, சீஸ் அடியில் கொழகொழத்து, கசந்தது. அன்னாசியைத் துணியில் ஒற்றி எடுத்து, கடைசி நேரத்தில்தான் குத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். கொச்சிப் புழுக்கத்தில் சீஸும் நம்மைப் போல வியர்க்கும் என்று தெரிந்துகொண்டோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் எவ்வளவு சீக்கிரம் தட்டு ஏற வேண்டும், திராட்சையை எந்தப் பக்கம் குத்தினால் பிளக்காது, மாம்பழம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்... எல்லாம்.

எல்லாவற்றையும் யோசித்தோம். ஒன்றைத் தவிர.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடலோரத்தில் மிளகு கோடவுனாக இருந்த ஒரு கட்டடத்தை இப்போது விருந்து ஹாலாக மாற்றியிருக்கிறார்கள். சுவரைச் சுரண்டிவிட்டு, ஆனால் ரொம்பச் சுரண்டாமல், விளக்குப் போட்டிருக்கிறார்கள். உட்கார நாற்காலி கிடையாது. உயரமான குட்டி மேஜைகள், அங்கங்கே. விருந்தினர்கள் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்றா சொன்னேன்? இல்லை, நகர்கிறார்கள். ஒரு கூட்டத்திலிருந்து பிரிந்து இன்னொரு கூட்டத்துக்கு, அங்கிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து ஒயின் மேஜைக்கு.

பின்கட்டில் இசக்கி குத்திக்கொண்டிருந்தாள். நான் ஃப்ரிட்ஜ் பெட்டிக்குக் காவல். பரிமாற சரசுவும் இன்னும் மூன்று பெண்களும், ஒரே நிறப் புடவையில். சரசு முதல் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கதவருகே நின்று ஹாலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன மதினி, போங்க."

"பந்தி எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கேன்."

"பந்தி இல்ல. ஆளு நிக்கிற எடத்துக்குப் போய்க் கொடுக்கணும்."

"ஆளுதான் நிக்க மாட்டேங்குதே."

இருந்தாலும் போனாள். கதவுக்கு இடப்பக்கம் நின்ற பெரியவரை முதல் இலையாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து வரிசை பிடித்தாள். வரிசை அவள் கண்ணுக்கு முன்னாலேயே கலைந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"கொடுத்தவருக்கே கொடுத்துக்கிட்டு இருக்கேன். அவரும் ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கிடுதாரு."

சிரித்தோம். அந்தச் சாயங்காலத்தில் நாங்கள் சிரித்தது அத்தோடு சரி.

தட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. காலியாக அல்ல. நிறைந்தே. ஒரு தட்டில் ஓரம் மட்டும் குறைந்திருந்தது. இன்னொன்றில் பாதி. வேறொன்றில் இரண்டோ மூன்றோதான் எடுத்திருந்தார்கள். பெண்கள் வருவார்கள், தட்டைச் சுவரோரப் பெஞ்சில் வைப்பார்கள், புதுத்தட்டை எடுப்பார்கள், போய்விடுவார்கள். பேச நேரம் இல்லை. இசக்கி குனிந்து குத்திக்கொண்டே பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சு நிறைய நிறைய அவள் கை வேகமானது. பயந்தால் சிலருக்குக் கை நின்றுபோகும். இவளுக்கு ஓடும்.

"யாருக்கும் பிடிக்கலையோ அக்கா."

பெஞ்சிலிருந்த ஒரு தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. மாம்பழம் தித்திப்பு, சீஸ் உப்பு, கொஞ்சம் குளிர்ச்சி. இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே.

"நல்லாத்தான இருக்கு."

"பெறகு ஏன் திரும்பி வருது?"

என்னால் நிற்க முடியவில்லை. எழுந்து ஹாலுக்குப் போனேன். சுற்றி வந்தேன். பழைய பழக்கம் — யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தால் தெரியும். எல்லோரும் சாப்பிடுகிறார்கள். விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். ஒரு பெண்மணி தன் கணவர் எடுத்ததைப் பிடுங்கிச் சாப்பிட்டார். ரோஸ்லின் சேச்சி தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று விரலை மடித்துக் காட்டினார். பின்னே என்ன?

குழப்பத்தோடு திரும்பி வந்து, பெஞ்சிலிருந்து இன்னொன்றை எடுத்து வாயில் வைத்த நேரம் சரசு உள்ளே வந்தாள். நின்றுவிட்டாள்.

"அக்கா, அதையா திங்கீங்க? அது எச்சில்லா."

மென்றுகொண்டிருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம். விழுங்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். விருந்தினர் ஒருவர் சீஸை எடுத்துச் சாப்பிடுகிறார். கையில் குச்சி மிஞ்சுகிறது. அதை எங்கே வைப்பது? சட்டைப் பையிலா? அந்த நேரம் அடுத்த தட்டு வருகிறது. குச்சியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொள்கிறார். நானும் நீங்களும் செய்வதுதான். ஆனால் சரசு பந்தியில் வளர்ந்தவள். வாயில் பட்டது ஒன்று தட்டில் விழுந்தால் தட்டே எச்சில். இலையில் கரண்டி இடித்தால் கரண்டியை மாற்றுகிறவள் அவள். பள்ளுருத்தியில் அவளைக் கூப்பிட்டுப் பரிமாறச் சொல்வதே அதற்காகத்தான். ஒரு குச்சி விழுந்ததும் அந்தத் தட்டோடு திரும்பினாள். மற்ற மூவருக்கும் அதையே சொல்லிவைத்திருந்தாள். சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை, அதனால் இசக்கியிடம் சொல்லவில்லை. பந்தியில் எச்சில் இலையைத் திரும்பப் பரிமாறாதே என்று யாராவது யாரிடமாவது சொல்வார்களா?

இலைச் சாப்பாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கிறோம். முருங்கைச் சக்கையும் கறிவேப்பிலையும் மிளகாய்க் காம்பும் அதற்குள் போய்விடுகின்றன. இந்தக் குச்சிக்கு மட்டும் போக இடமில்லை. பார்ட்டிகளில் அதற்கென்று தட்டின் நடுவில் ஒரு குட்டிக் கிண்ணம் வைப்பார்கள். நானே அதில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். சொல்லித் தருகிறேன் என்று மூன்று நாள் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கிண்ணம் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

இசக்கி எழுந்து பெட்டியைத் திறந்தாள். பழம் இருந்தது. சீஸ் ஒரு கை அளவுகூட இல்லை.

அந்த நேரம் வாசலில் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் காலைச் சடங்கு முடிந்து, வல்லார்பாடம் பக்கம் ஒரு உறவினர் வீட்டுக்கு இளைப்பாறப் போயிருந்தார்கள். திரும்பும் வழியில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 'இதோ, இதோ' என்று ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இப்போது பாலம் தாண்டிவிட்டார்களாம். சீஸ் வாங்க ஆளை அனுப்பலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை... திறந்திருக்கும் பெரிய கடையும் அதே நெரிசலுக்கு அந்தப் பக்கம்தான். யாருக்காக இந்த விருந்தோ அவர்கள் வரும்போது தட்டில் ஒன்றும் இருக்காது.

பெஞ்சைப் பார்த்தேன். முக்கால்வாசி நிறைந்த தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ வெறும் குச்சி.

"இசக்கி," என்றேன். "குச்சியை மட்டும் எடுத்துப் போட்டுரலாம். ஓரத்துல இருக்கிறதை ஒதுக்கிட்டு, நடுவுல இருக்கிறதைப் புதுத்தட்டுல அடுக்கு. யார் கையும் அதுல படலை."

சரசு புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க திம்பீங்களாக்கா?" என்றாள் இசக்கி.

"தின்னாச்சு. மூணு."

"நீங்க திங்கலாம். இப்ப உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் வேணும்னா எடுப்பீங்க, வேணாம்னா விடுவீங்க. அவங்களுக்குத் தெரியாதே."

சொல்லிவிட்டு அவளே பெஞ்சிடம் போனாள். ஒரு தட்டை எடுத்தாள். வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். நான்கடி வாசல் பக்கம், நான்கடி பெஞ்சுப் பக்கம். அவள் மனசில் அந்தப் பேக்கரியின் கம்பிக் கதவு ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதத் தோன்றுகிறது. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது, இந்தத் தடவை அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை.

பிறகு தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நேராக ஹாலுக்குள் போனாள். விருந்தினர்களிடம் அல்ல. ரோஸ்லின் சேச்சியிடம். ஏதோ சொன்னாள். சேச்சியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. இருவரும் பின்கட்டுக்கு வந்தார்கள்.

"இதெல்லாம் பின்னே எந்தா?" பெஞ்சைக் காட்டிக் கேட்டார்.

"எச்சில் சேச்சி. தின்ன குச்சியைத் தட்டுல போட்டுட்டாங்க."

அந்தச் சொல் மலையாளத்திலும் அதேதான். விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு குச்சியல்லே. எடுத்துத் தூரக் களஞ்ஞா மதி. யாரு பாக்கப்போறா?"

"சேச்சி சொன்னா கொண்டுபோறேன்," என்றாள் இசக்கி. "ஆனா நான் சொல்லிட்டேன். இப்ப சேச்சிக்கும் தெரியும்."

ஒரு பிடிவாதமும் இல்லாத குரல். மிரட்டலும் இல்லை. சாவியை இன்னொருவர் கையில் கொடுப்பது போல.

ரோஸ்லின் சேச்சி ஒரு தட்டை எடுத்தார். வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். ஹால் பக்கம் திரும்பினார்... அங்கிருந்து மகள் கையசைத்துக் கூப்பிட்டாள். சேச்சி தட்டிலிருந்த ஒரு வெறும் குச்சியை எடுத்துப் பார்த்தார். தட்டைத் திரும்பப் பெஞ்சில் வைத்தார்.

"பழம் பாக்கியுண்டோ?"

"உண்டு."

"அது கொடு." இசக்கியின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழம் மட்டும் போனது. இசக்கி அன்னாசியின் மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவினாள், பீச்சில் விற்பது போல. இந்தத் தடவை தட்டின் நடுவில் ஒரு ஸ்டீல் டம்ளர், குச்சிக்கு. சிலர் ரசித்துச் சாப்பிட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மாப்பிள்ளையின் அக்கா தட்டைப் பார்த்துவிட்டு, "இத்ரே உள்ளோ?" என்று கேட்டார். இவ்வளவுதானா என்று. கேட்டது ரோஸ்லின் சேச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. அந்தச் சிரிப்பு மட்டும் சேச்சியின் முகத்தைவிட்டு நகரவே இல்லை.

நாங்கள் கிளம்பும்போது சேச்சி மாப்பிள்ளை வீட்டாரோடு நின்றுகொண்டிருந்தார். ஆட்டோவில் சரசுதான் பேச்சை எடுத்தாள்.

"நான் ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லியிருக்கணும்."

"விடுங்க மதினி."

"இல்லட்டி... நான் சொல்லியிருந்தா கிண்ணம் வச்சிருப்ப."

"விடுங்கன்னேன்லா."



எச்சில் என்ற சொல்லின் மேல் எனக்குப் பிரியம் கிடையாது. அந்தச் சொல்லை வைத்து நம் ஊர்களில் யார் யாரைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள், தனி டம்ளர் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரியும். அதனால் யாராவது அதைச் சொன்னாலே எனக்கு ஒரு சின்னக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஆனால் இசக்கி சொன்னதை நான் இந்த வாரம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் அழுக்கைப் பற்றிப் பேசவில்லை. யார் பெரியவர், யார் சின்னவர் என்று பேசவில்லை. வீட்டில் ஒரே கிளாஸ் சாயாவை இரண்டு பேர் குடிக்கிறோம். கடித்த மாங்காயைக் கை மாற்றுகிறோம். தெரிந்து வாங்கிக்கொண்டால் அது பங்கு. தெரியாமல் ஒருவர் வாயில் வைத்தால்தான் எச்சில்.

சரி, தத்துவம் இருக்கட்டும். ஆர்டர் என்ன ஆனது?

திங்கள்கிழமை ரோஸ்லின் சேச்சியிடமிருந்து ஃபோன் இல்லை. இட்லிக்கு வழக்கமாக வரும் பையன்கூட அன்று வரவில்லை. ஹோம்ஸ்டேயில் எல்லோரும் விருந்து மிச்சத்தைச் சாப்பிடுகிறார்களோ என்னவோ என்று சமாதானம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை இட்லி போனது. செய்தி வரவில்லை. இசக்கி ஃபோனை அரிசிப் பானை மேல் வைத்துக்கொண்டே வேலை செய்தாள். மணி அடித்தால் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்போம். ஏதாவது லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். புதன்கிழமை பேக்கரிக் கட்டடக்காரர் தெருவில் பார்த்து, "எந்தாயி, என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பால்கனிக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இந்தப் பத்தியின் முதல் வரியை அன்றுதான் எழுதினேன்.

வியாழக்கிழமை மழை. குடை பிடித்துக்கொண்டு ரோஸ்லின் சேச்சியே வந்தார். நான் கீழே இறங்கி, இசக்கி வீட்டு வாசலில் நின்றுகொண்டேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

சேச்சி சுற்றி வளைக்கவில்லை.

"கல்யாண விருந்து அந்தக் கம்பெனிக்கே கொடுத்தாச்சு இசக்கீ. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவங்க சாப்பாட்டைப் பத்திதான் பேசுறாங்க. சீஸைப் பத்தியும் பேசுறாங்க... அது வேற மாதிரி."

இசக்கி தலையாட்டினாள். அடுப்பிலிருந்த பாத்திரத்தை ஒரு தடவை கிளறினாள். கிளறத் தேவையில்லாத பாத்திரம்.

சேச்சி போகவில்லை. குடையை மடக்கிக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னயும் பின்னயும் ஒரு வாரம் வீடு நெறைய ஆளு இருப்பாங்க. அயர்லாந்துலேருந்து மோளோட கூட்டுகாரிகள், என் அக்காமார், குழந்தைகள்... அவங்களுக்கு மூணு நேரமும் சாப்பாடு வேணும். அது நீ செய்யணும். விருந்துக்கு வர்றவங்களுக்கு அவங்க கொடுக்கட்டும். எங்க வீட்டாளுகளுக்கு நீ தந்தா மதி."

பத்திரிகைப் புத்தி சும்மா இருக்குமா? கேட்டுவிட்டேன். "அன்னைக்கு இவ வந்து சொன்னதாலயா?"

சேச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அன்னைக்கு மெயின் சாப்பாடு எல்லாரும் நல்லா சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன். அதுல என்னென்ன திரும்பி வந்தது, எது திரும்பப் போச்சு, எனக்குத் தெரியாது. யாரும் வந்து சொல்லலை." இசக்கி பக்கம் கையைக் காட்டினார். "அதுக்கப்புறம் அதை நினைக்காம இருக்க முடியலை. இவதான் கெடுத்தா."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ஒரு வார வீட்டுச் சாப்பாடு நல்ல ஆர்டர்தான். பேக்கரியை எடுக்கும் ஆர்டர் அல்ல. வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கம்பிக் கதவில் பார்சல் கம்பெனியின் புதுப் பூட்டு தொங்கியது. மதியம் ஒரு வண்டி வந்து அட்டைப்பெட்டிகளை இறக்கியது. சிமென்ட் மேடை மேல்தான் அடுக்கினார்கள்.

இசக்கி அந்த வழியாக வந்தாள். உள்ளே பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நல்ல பேரு வாங்கியாச்சு அக்கா. அதை எந்த அடுப்புல வச்சு ஆக்க?"

ஆகையால் வாசகர்களே... மட்டாஞ்சேரியிலோ பள்ளுருத்தியிலோ, மழை படாத ஒரு கூரையும் அதில் புகை போக ஒரு வழியும் காலியாக இருந்தால் தெரியப்படுத்துங்கள். சமையல் எப்படி என்று என்னைக் கேட்க வேண்டாம் — ரோஸ்லின் சேச்சி தன் வீட்டாளுகளுக்கு யார் கையால் சாப்பாடு போடுகிறார் என்று பாருங்கள்.